பர்மாவில் செட்டியார்கள்: கதையின் மீதிப் பாதி

போன மாசம் ஒரு சனிக்கிழமை சாயங்காலம், பீச் ஸ்டேஷன் பக்கத்துல நின்னு அத்தோ சாப்பிட்டுட்டு இருந்தோம். நானும், எங்க டீம்ல புதுசா சேர்ந்த ஒரு பையனும். வாழைத்தண்டு சூப்பை ஊதி ஊதிக் குடிச்சுக்கிட்டே அவன் கேட்டான்: "அண்ணா, பர்மாவுக்கும் பாரீஸ் கார்னருக்கும் என்ன சம்பந்தம்?"

1960களில் பர்மாவை விட்டு வெளியேற வேண்டி வந்த தமிழர்கள் பிழைப்புக்காகக் கடை போட்ட இடம்தான் பர்மா பஜார்னு சொன்னேன். "ஏன் வெளியேற வேண்டி வந்தது?" இது அடுத்த கேள்வி. அதுக்குப் பதில் சொல்ல ஒரு தட்டு அத்தோ போதாது. அதனாலதான் இந்த எபிசோடு.

இன்னொரு காரணமும் இருக்கு. போன வருஷம் எங்க ஆபீஸ்ல ஒரு லீடர்ஷிப் ட்ரெயினிங் நடந்தது. கிளையன்ட்டோட நம்பிக்கையைச் சம்பாதிப்பது எப்படி என்பது தலைப்பு. பேச வந்தவர் நகரத்தார்களை, அதாவது நாட்டுக்கோட்டைச் செட்டியார்களை, உதாரணமா எடுத்துக்கிட்டார். வாய்ச்சொல்லை நம்பியே கடல் தாண்டி வியாபாரம் பண்ணவங்கன்னு சொன்னார். கேட்க நல்லா இருந்தது. வீட்டுக்கு வந்து படிக்க ஆரம்பிச்சப்பதான் அவர் சொன்னது பாதிக் கதைன்னு தெரிஞ்சது. அந்தப் பாதி பொய்யில்லை. ஆனா நமக்கான பாடம் மீதிப் பாதியில்தான் இருக்கு.

முதல்ல அந்த நல்ல பாதியைப் பார்ப்போம்.

1852-ல் கீழ் பர்மா ஆங்கிலேயர் கைக்குப் போனது. ஐராவதி ஆற்று டெல்டா அப்போது பெரும்பாலும் காடும் சதுப்பும்தான். 1869-ல் சூயஸ் கால்வாய் திறந்ததும் ஐரோப்பியச் சந்தை பர்மா அரிசிக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. நெல் விளைந்தால் வாங்க ஆள் உண்டு. ஆனால் காட்டை அழிக்கவும், மாடு வாங்கவும், முதல் அறுவடை வரை வீட்டில் அடுப்பு எரியவும் விவசாயிக்குப் பணம் வேண்டும். ஆங்கிலேய வங்கிகள் ரங்கூன் துறைமுகத்தில் ஏற்றுமதி செய்கிறவர்களோடு நின்றுவிட்டன. சேற்றில் நிற்கிற விவசாயியை அவை எட்டிப் பார்க்கவில்லை. அந்த இடைவெளியில் போய்க் கடை திறந்தவர்கள்தான் காரைக்குடி, தேவகோட்டை வட்டாரத்து நகரத்தார்கள்.

இப்போ ஒரு கேள்வி. முதலாளி செட்டிநாட்டில் இருக்கார். கடை பர்மாவில் இருக்கு. நடுவில் வங்காள விரிகுடா. போன் கிடையாது, மெயில் கிடையாது. கடையில் இருக்கிறவர் பணத்தோடு காணாமல் போனால் என்ன பண்றது?

அதுக்கு அவங்ககிட்ட ஒரு சிஸ்டம் இருந்தது. பத்துப் பன்னிரண்டு வயதில் ஒரு பையன் கடையில் சேர்வான். பணப்பெட்டி பக்கத்தில் உட்கார்ந்து, எடுபிடி வேலை செய்துகொண்டே கணக்குப் படிப்பான். அவனுக்குப் பெட்டியடிப் பையன் என்று பெயர். தேறினால் அடுத்தாள் ஆவான். அதற்கும் மேலே, கடையையே நடத்துகிறவர் மேலாள். மேலாளுக்கு வழக்கமாக மூன்று வருட ஒப்பந்தம். அதற்குச் சம்பளச் சீட்டு என்று பெயர். குடும்பம் ஊரிலேயே இருக்கும். மூன்று வருடம் முடிந்ததும் கணக்கை ஒப்படைத்துவிட்டு அவர் ஊருக்குத் திரும்புவார். கடை லாபம் பார்த்திருந்தால் அதில் அவருக்கும் ஒரு பங்கு உண்டு.

கடைக்கணக்கு ஐந்தொகையாக ஊருக்கு வரும். ஐந்தொகைன்னா நம்ம பேலன்ஸ் ஷீட் மாதிரி. லாபத்தில் ஒரு பகுதி மகமையாகக் கோவிலுக்கும் தர்மத்துக்கும் போகும். ரங்கூனில் மொகல் தெருக் கோவிலில் மாதம் ஒருமுறை கூடி, தங்களுக்குள் கொடுத்து வாங்கும் பணத்துக்கு என்ன வட்டி என்று முடிவு செய்வார்கள். அதுதான் நடப்பு வட்டி. தகராறு வந்தால் பெரியவர்கள் உட்கார்ந்து பேசித் தீர்ப்பார்கள். ஒவ்வொரு கடைக்கும் முன்னோர் பெயர்களின் முதலெழுத்துகளால் ஆன ஒரு விலாசம் இருக்கும். அது கெட்டால் கடன் கிடைப்பது மட்டும் நிற்காது. வீட்டுக்குச் சம்பந்தம் பேசக்கூட ஆள் வரமாட்டார்கள்.

ஒரு சாஃப்ட்வேர்காரனா இதைப் படிக்கும்போது எனக்குப் புல்லரிச்சது. யாருக்கு எவ்வளவு அதிகாரம், யார் என்ன செஞ்சாங்கன்னு ரெக்கார்டு, ஒருத்தரோட பேர் கெட்டா அதுக்கு விலை. நாம இன்னைக்கு ஸ்க்ரீன்ல கட்டுறதை அவங்க பேரேட்டிலும் கோவில் மண்டபத்திலும் கட்டி வெச்சிருக்காங்க.

ட்ரெயினிங்ல சொன்னது இதுவரைக்கும்தான். இப்போ ஒரு நிமிஷம் நிறுத்தி யோசிங்க. இந்த நம்பிக்கை வட்டத்துக்குள்ளே யார் யார் இருக்காங்க? முதலாளி, மேலாள், பணம் போட்டு வெச்ச உறவினர், பக்கத்துக் கடைக்காரர். வெளியே யார் இருக்காங்க?

கடன் வாங்கிய பர்மிய விவசாயி. அதாவது, வாடிக்கையாளர்.

அவசரப்பட்டு யாரையும் வில்லனாக்க வேண்டாம். விவசாயி இவர்களைத் தேடி வந்ததற்கு நல்ல காரணங்கள் இருந்தன. பணம் சட்டென்று கிடைக்கும். அலைக்கழிப்பு இல்லை. உள்ளூரில் கடன் கொடுத்த மற்றவர்களோடு ஒப்பிட்டால் வட்டி பொதுவாகக் குறைவு. கணக்கு ஒழுங்காக எழுதப்படும். 1929-30-ல் பர்மா மாகாண வங்கி விசாரணைக் குழு ஆய்வு செய்தபோது, நாடு முழுக்க 1,500-க்கும் மேற்பட்ட செட்டியார் கடைகள் இருந்தன. கடனாகப் போயிருந்த பணம் சுமார் 75 கோடி ரூபாய், அன்றைய மதிப்பில். கீழ் பர்மாவில் ஏறத்தாழ எந்த விவசாயியும் ஒரு நாள் பயணத்தில் ஒரு செட்டியார் கடையை அடைந்துவிடலாம். 1850களில் பத்து லட்சம் ஏக்கருக்கும் குறைவாக இருந்த கீழ் பர்மா நெல் வயல், 1930களில் எண்பது லட்சம் ஏக்கரைத் தாண்டியிருந்தது. உலகத்திலேயே அதிகமாக அரிசி ஏற்றுமதி செய்த நாடு பர்மா. இந்தப் பணம் இல்லாமல் அது நடந்திருக்காது.

அதே குழுவின் முன் சாட்சி சொன்ன ஒரு கரென் இனத்தவர், செட்டியார் கடைகளை நெருப்பைக் கக்கி நிலத்தைக் கருக்கும் டிராகனோடு ஒப்பிட்டார்.

இது எப்படி? ஒரே ஆட்கள், ஒரே தொழில். ஒரு பக்கம் பாராட்டு, இன்னொரு பக்கம் டிராகன். என் பார்வையில் ரெண்டும் உண்மை. காரணம் அந்த சிஸ்டத்தோட அமைப்பிலேயே இருக்கு. உள்ளே இருக்கிறவங்களுக்குள் தகராறு வந்தா பேச ஒரு கோவில் மண்டபம் இருந்தது. விவசாயிக்கு இருந்தது ஓர் அடமானப் பத்திரம் மட்டும்தான். வட்டியை முடிவு பண்ற கூட்டத்தில் அவருக்கு இடமில்லை. தகராறு வந்தா அவருக்குப் புரியாத சட்டம் பேசும் ஆங்கிலேயர் கோர்ட்தான். அவரைப் பல வருஷமா தெரிஞ்ச மேலாள் யாராவது இருந்தா, "இந்த வருஷம் விடுங்க, ஆள் நல்ல ஆள்"னு சொல்லியிருப்பார். ஆனா மூணு வருஷத்தில் மேலாள் மாறிடுவார். முதலாளியை நிம்மதியாத் தூங்க வெச்ச அதே விதி, வாடிக்கையாளருக்குத் தெரிஞ்ச முகம் இல்லாமப் பண்ணிடுச்சு.

விளைச்சலும் விலையும் நல்லா இருந்த வரைக்கும் இது யாருக்கும் உறைக்கலை.

1930-ல் உலகப் பெருமந்தம் பர்மாவைத் தொட்டது. நெல் விலை ஏறத்தாழ பாதியாகச் சரிந்தது. வாங்கிய கடன் அப்படியே நின்றது. அதை அடைக்க இரண்டு மடங்கு நெல் வேண்டும், நிலமோ அதே நிலம். விவசாயிகள் தவறினார்கள், பத்திரங்கள் பேசின. கீழ் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் 1930-ல் செட்டியார்கள் கையில் இருந்த வயல் சுமார் 6 சதவீதம். 1937-ல் அது 25 சதவீதம். ஏழே வருடத்தில் நாலில் ஒரு வயல்.

இதில் ஒரு கொடுமை உண்டு. நகரத்தார்களுக்கு அந்த நிலம் தேவையே இல்லை. அவர்கள் உழப் போகிறவர்கள் அல்ல. அவர்களுக்கு வேண்டியது ரொக்கம். ஊரில் பணம் போட்டு வைத்திருந்த உறவுகளுக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டும். விற்கலாம் என்றால் அந்த விலைக்கு வாங்க ஆளில்லை. பணம் சேற்றில் மாட்டிக்கொண்டது. ஆனால் தாத்தா காட்டை அழித்துத் திருத்திய வயலில் குத்தகைக்காரனாக நிற்கும் பர்மியனுக்கு இந்த ஐந்தொகை தெரியுமா? அவனுக்குத் தெரிந்தது ஒன்றுதான். வயல் போச்சு, எடுத்தவன் வெளிநாட்டுக்காரன்.

இங்கே என் கதை ஒண்ணு சொல்லணும். சில வருஷம் முன்னாடி, நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் ஒரு சின்ன கிளையன்ட். சரக்குப் போக்குவரத்து பண்றவங்க. லாக்டவுன்ல அவங்க தொழில் படுத்துடுச்சு. மூணு மாசம் பில்லைத் தள்ளி வைக்க முடியுமான்னு கேட்டாங்க. ஒப்பந்தத்தில் அதுக்கு இடமில்லை. "விதிப்படி முடியாது"ன்னு மெயில் எழுதினது நான்தான். மரியாதையான மெயில், ஒரு தப்பும் கண்டுபிடிக்க முடியாது. அவங்க பணத்தைக் கட்டினாங்க. ஒப்பந்தம் முடிஞ்ச அன்னைக்கே போயிட்டாங்க. அந்த முதலாளி கடைசியா போன்ல சொன்னது இன்னும் காதுல இருக்கு: "நீங்க சொன்னது சரிதான் தம்பி. ஆனா நாலு வருஷமா பழகினோமே."

அந்தப் பத்திரங்களும் சட்டப்படி சரியானவைதான்.

மிச்சக் கதை வேகமா நடந்தது. 1938-ல் இந்தியர்களுக்கு எதிராகப் பெரிய கலவரம். அதன் உடனடிக் காரணம் வேறு. ஆனால் விசாரித்த குழு, நிலம் கைமாறிய கோபத்தையும் ஆழத்தில் இருந்த காரணங்களில் ஒன்றாகப் பார்த்தது. 1941 டிசம்பரில் ஜப்பான் ரங்கூன் மீது குண்டு போட்டது. லட்சக்கணக்கான இந்தியர்கள் நாட்டை விட்டு ஓடினார்கள். காட்டு வழியே நடந்தே வந்தவர்களில் ஆயிரக்கணக்கானோர் ஊர் சேரவில்லை. 1948-ல் பர்மா விடுதலை அடைந்தது. அந்த வருடமே நிலத்தை நாட்டுடைமையாக்கும் சட்டம் வந்தது. 1962-ல் நே வின் ராணுவ ஆட்சி. அடுத்த இரண்டு வருடங்களில் வங்கிகளும் கடைகளும் அரசுடைமை ஆயின. கப்பல் கப்பலாக மக்கள் திரும்பினார்கள்.

திரும்பி வந்தவங்கள்ல பெரும்பாலானவங்க லேவாதேவிக்காரங்க இல்லை. துறைமுகக் கூலிகள், தையல்காரங்க, டீக்கடைக்காரங்க, சின்னச் சின்ன வியாபாரிகள். வாழ்நாளில் யாருக்கும் ஒரு ரூபாய்கூட வட்டிக்குக் கொடுக்காதவங்க. வெளியேற்றத்துக்கு அரசியல், ராணுவம், தேசியவாதம்னு பல காரணங்கள் இருக்கு. எல்லாத்தையும் வட்டிக் கடைகள் தலையில் கட்டுறது நியாயமில்லை. ஆனா அந்தக் கோபத்துக்கு விறகு போட்டதில் வயலுக்கும் பங்கு உண்டு. எரிஞ்சது எல்லார் வீடும்.

அந்த ட்ரெயினிங்ல கேட்காத கேள்வியை இங்கே கேட்டுடறேன். நாம கட்டுற நம்பிக்கை யாரோட தூக்கத்துக்காக? நம்ம ஆபீஸ்ல ரிவ்யூ இருக்கு, அப்ரூவல் இருக்கு, ரிப்போர்ட் இருக்கு. பாதியும் நாம ஒருத்தரை ஒருத்தர் நம்புறதுக்காக. கிளையன்ட் கையில் இருக்கிறது ஒரு டிக்கெட் நம்பர். அவருக்கு ஒரு மோசமான வருஷம் வந்தா, அவர் பேச நம்மகிட்ட ஒரு மண்டபம் இருக்கா?

என் டீம்ல நான் ரெண்டு விஷயம் மாத்தியிருக்கேன். ஒப்பந்தம் போடும்போதே, தொழில் விழுந்தா ஒரு காலாண்டு பில்லைத் தள்ளி வைக்கலாம்னு ஒரு வரி சேர்க்கச் சொல்றேன். ஃபைனான்ஸ்ல முறைக்கிறாங்க, ஒவ்வொரு தடவையும் சண்டை போட்டுத்தான் வாங்க வேண்டியிருக்கு. அப்புறம், ஒரு கிளையன்ட்டைப் பார்த்துக்கிறவர் வேற டீமுக்குப் போனா, புதுசா வர்றவரோட அவரும் ஒரு மாசம் கூட இருக்கணும். போன வாரம் அத்தோ சாப்பிட்ட அதே பையன் அப்படித்தான் தன்னோட முதல் கிளையன்ட்டைக் கைமாத்தி வாங்கினான்.

கடைசியா ஒரு வேண்டுகோள். உங்க வீட்டுப் பரண்ல, கொள்ளுத்தாத்தா காலத்து பர்மாக் கடிதமோ பேரேடோ இருந்தா, பழைய பேப்பர்காரர்கிட்ட போடுறதுக்கு முன்னாடி ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்க. செட்டியார் வீடுகள் மட்டுமில்லை, துறைமுகத்தில் மூட்டை தூக்கினவங்க வீட்டுக் கடிதமும்தான். கடன் வாங்கினவங்க எழுதினது ஏதாவது கிடைச்சா இன்னும் நல்லது. அந்தப் பக்கத்துக் குரல் நம்ம கணக்குப் புத்தகங்கள்ல அதிகம் இல்லை.

அடுத்த எபிசோடில் பார்ப்போம்.