ஒரு அட்டையின் விலை என்ன? – ஒரு குட்டி வரலாறு

போன வாரம் ராத்திரி ஒரு மணிக்கு எங்கள் விடுதி அறையில் பெரிய சண்டை. காரணம் கிரிக்கெட் இல்லை, அரசியலும் இல்லை. ஒரே ஒரு விளையாட்டு அட்டை! "இது எனக்கு இலவசம்" என்கிறான் நண்பன். "இல்லை, மூன்று கட்டு" என்கிறேன் நான். பந்தயம் ஒரு பிரியாணி. தீர்ப்பைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் வரலாறு.

ரிச்சர்ட் கார்ஃபீல்ட் என்ற கணித ஆசிரியர் உருவாக்கிய 'மேஜிக்: தி கேதரிங்' 1993 ஆகஸ்டில் வெளிவந்தது. முதல் பதிப்பில் 295 அட்டைகள். நில அட்டைகளைத் தவிர மற்றவற்றின் வலது மேல் மூலையில் விலை அச்சாகியிருக்கும். அதைக் கட்டும் நாணயத்தின் பெயர் மானா. நிலங்களிலிருந்துதான் பெரும்பாலும் மானா கிடைக்கும். அச்சிட்டதைக் கட்டு, அட்டையைப் போடு. அவ்வளவுதான்.

பிறகுதான் குழப்பம் ஆரம்பம். 1996-ல் 'ஃபோர்ஸ் ஆஃப் வில்' வந்தது. அச்சிட்ட விலை 5. ஆனால் ஒரு உயிர்ப்புள்ளியும் கையிலுள்ள இன்னொரு நீல அட்டையும் கொடுத்தால் மானாவே வேண்டாம். அப்படியானால் அதன் மதிப்பு பூஜ்யமா? இல்லை, 5-தான். எங்கள் வணிகவியல் பாஷையில் சொன்னால், எவ்வளவு தள்ளுபடியில் வாங்கினாலும் பெட்டியில் அச்சிட்ட எம்.ஆர்.பி. மாறாது இல்லையா, அது மாதிரி. இந்த எண்ணுக்கு 2021-ல் 'மானா வேல்யூ' என்று புதுப்பெயரும் வைத்தார்கள்.

2000-ல் 'கிக்கர்' வந்தது. தோசைக்கு நெய் கேட்டால் கூடுதல் காசு, அதே கதை. 2003-ல் மிர்ரோடின் தொகுப்பில் 'அஃபினிட்டி': உங்களிடம் இருக்கும் ஒவ்வொரு ஆர்ட்டிஃபாக்ட்டுக்கும் விலையில் ஒன்று குறையும். நிலங்களிலேயே சில ஆர்ட்டிஃபாக்ட்டாகவும் இருந்ததால் விலைகள் மடமடவென்று சரிந்தன. ஸ்டாண்டர்ட் போட்டிகளில் இந்தச் சீட்டுக்கட்டுகளின் ஆட்டம் தாங்காமல் 2005 மார்ச்சில் 8 அட்டைகளுக்குத் தடை போட்டார்கள். இதற்கு எதிர்த்திசையில் இழுக்கும் அட்டை, 2004-ல் வந்த 'டிரினிஸ்ஃபியர்': மூன்றுக்குக் கீழே போகும் எந்த விலையும் மூன்றாகிவிடும்.

இப்போது எங்கள் வழக்கு. நண்பன் போட்டது 'ஃபிராக்மைட்', விலை 4. அவனிடம் 4 ஆர்ட்டிஃபாக்ட். என்னிடம் டிரினிஸ்ஃபியர். அவன் வாதம்: "விலை 4, மூன்றுக்கு மேல்தானே? உன் அட்டைக்கு இங்கே வேலையில்லை. அப்புறம் 4 கழித்தால் பூஜ்யம்."

விதிப்புத்தகம் வரிசையைத் தெளிவாகச் சொல்கிறது. முதலில் அச்சிட்ட விலை, அல்லது ஒரே ஒரு மாற்று விலை. அடுத்து கூடுதல்களைச் சேர். பிறகு தள்ளுபடிகளைக் கழி. டிரினிஸ்ஃபியர் எல்லாவற்றுக்கும் கடைசி. ஆக 4 கழித்தல் 4, பூஜ்யம். அது மூன்றாக உயரும். அதோடு விலை பூட்டப்படும். பிறகு மானாவுக்காக ஒரு ஆர்ட்டிஃபாக்ட்டைப் பலி கொடுத்தாலும் தள்ளுபடி குறையாது.

பில் போடும்போது தள்ளுபடி முதலிலா வரி முதலிலா என்பதில் தொகை மாறுகிற கணக்குகள் உண்டே, அதே சமாச்சாரம்தான். இந்த வரிசை எழுதப்படாமல் இருந்திருந்தால் அன்றைக்குச் சத்தமாகக் கத்தியவன்தான் ஜெயித்திருப்பான். சத்தத்தில் என் நண்பனை யாரும் மிஞ்ச முடியாது!

அவனிடம் இருந்தது இரண்டே மானா. பிரியாணி ஞாயிற்றுக்கிழமை வந்தது. பாதியை அவனே சாப்பிட்டான் என்பது வேறு விஷயம் :-)