நியூட்ரினோவின் நிறையும் தனி அணுக்களும்

1930 டிசம்பரில் டூபிங்கனில் கூடிய இயற்பியலாளர்களைக் காண வோல்ஃப்காங் பவுலி செல்லவில்லை. ஜூரிக்கில் நடக்கவிருந்த நடன விருந்தைத் தவறவிட அவருக்கு மனமில்லை. பதிலாகக் கடிதம் ஒன்றை அனுப்பினார். எவரும் காணாத ஒரு துகள், பின்னாளைய நியூட்ரினோ, அக்கடிதத்தில்தான் பிறந்தது. அதன் நிறை எலக்ட்ரானின் நிறையை ஒத்திருக்கலாம் என்பது அவரது ஊகம். ஊகம் மிகப் பெரிதாகப் பிழைத்தது.

அந்நிறையை அறியும் வழியை 1934இல் ஃபெர்மி காட்டினார். பீட்டாச் சிதைவில் வெளிப்படும் எலக்ட்ரான்களின் ஆற்றல் பரவலில், உச்ச எல்லையை ஒட்டிய வளைவின் வடிவத்தைப் பார்க்க வேண்டும். இதற்கு உகந்தது ஹைட்ரஜனின் கதிரியக்கச் சகோதரனான டிரிட்டியம். அதன் எல்லை 18,600 எலக்ட்ரான் வோல்ட். நாம் தேடுவதோ ஒரு வோல்ட்டுக்கும் குறைவான மாற்றத்தை.

1980இல் மாஸ்கோக் குழுவொன்று, நிறை ஏறத்தாழ 30 வோல்ட் என அறிவித்தது. அண்டத்தின் புலப்படாப் பொருள் அகப்பட்டுவிட்டதென்று பலர் மகிழ்ந்தனர். ஆனால் அவர்களது டிரிட்டியம் வாலின் என்னும் அமினோ அமிலத்துக்குள் பிணைந்திருந்தது. சிதைவின்போது அச்சிக்கலான மூலக்கூறு எவ்வளவு ஆற்றலைத் தன்னிடம் நிறுத்திக்கொள்ளும் என்பதைத் துல்லியமாகக் கணிக்க இயலாது. லாஸ் அலமோஸ் குழு வாயு டிரிட்டியத்தைக் கையாண்டு 1991இல் அம்முடிவைத் தள்ளியது. என் பார்வையில், இவ்வரலாற்றின் உண்மையான திருப்பம் இதுவே: கருவியைவிட மூலப்பொருளின் தூய்மை முக்கியமாயிற்று.

ஜெர்மனியின் காட்ரின் ஆய்வு 2025இல் 0.45 வோல்ட் என்ற உச்சவரம்பை எட்டியது. (அதன் 200 டன் கலம் 2006இல் 400 கி.மீ. தொலைவைக் கடக்க, டான்யூப் வழியே கடலில் இறங்கி, ஐரோப்பாவைச் சுற்றிக்கொண்டு ரைன் நதிக்கு வந்தது. சாலை வழியே கொண்டுசெல்ல அது மிகப் பெரிதாக இருந்தது.) ஆயினும் அங்கும் டிரிட்டிய அணுக்கள் இரண்டிரண்டாகவே பிணைந்துள்ளன. ஒன்று சிதைந்ததும் எஞ்சிய மூலக்கூறு அதிர்கிறது, சுழல்கிறது. அந்த நடுக்கம் அளவையை மங்கச் செய்கிறது.

ஆகவே தனி அணுக்கள் வேண்டும். சூடான டங்ஸ்டன் ஹைட்ரஜன் மூலக்கூற்றைப் பிளக்கும் என்பதை லாங்முயிர் 1910களிலேயே கண்டிருந்தார். பிளப்பது எளிது, பிரிந்தவற்றைச் சேரவிடாமல் காப்பதே அரிது. சுவரைத் தொட்டால் அவை மீண்டும் இணையும். 2,000 கெல்வினுக்கு மேல் வெந்து வரும் அணுக்களை ஒரு கெல்வினின் ஆயிரத்தில் சில பங்குகள்வரை குளிர்வித்து, எதையும் தொடாதபடி காந்தப்புலத்தில் மிதக்கவிட வேண்டும். ‘ப்ராஜெக்ட் 8’ கூட்டமைப்பின் முயற்சி இதுவே. அதற்கான அணுக் கற்றைகளை மைன்ஸ் பல்கலைக்கழகத்தில் சாதாரண ஹைட்ரஜனைக் கொண்டு சோதிக்கின்றனர். 2023இல் மூலக்கூற்று டிரிட்டியத்தால் அக்கூட்டமைப்பு எட்டிய முதல் வரம்பு 155 வோல்ட். அதன் இலக்கு 0.04.