மலையுச்சியும் கழிமுகமும்: மத்திய மலைநாட்டில் சுற்றாடல் அதிகாரம் யாரிடம் இருக்க வேண்டும்?

1987 நவம்பரில் நிறைவேறிய, இலங்கை அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம் சுற்றாடலை இரண்டு நிரல்களில் வைத்திருக்கிறது. மாகாண சபை நிரலின் 37ஆவது விடயம், பாராளுமன்றச் சட்டம் இடம்கொடுக்கும் அளவுக்கு மாகாண எல்லைக்குள் சுற்றாடலைப் பாதுகாக்கும் அதிகாரத்தைத் தருகிறது. ஒருங்கிய நிரலின் 33ஆவது விடயமோ எந்த வரையறையும் இன்றிச் சுற்றாடல் பாதுகாப்பு என்று மட்டும் சொல்கிறது. நடைமுறையில், 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்க தேசிய சுற்றாடல் சட்டமும் அதன்கீழ் 1981இல் அமைந்த மத்திய சுற்றாடல் அதிகாரசபையும் தம் இடத்தை விட்டுக்கொடுக்கவில்லை. வடமேல் மாகாணம் மட்டும் 1990இல் 12ஆம் இலக்க நியதிச்சட்டத்தை இயற்றித் தனக்கென ஓர் அதிகாரசபையை நிறுவிக்கொண்டது. மத்திய மாகாணம் அவ்வழியில் போகவில்லை. போகாதது நல்லதே என்பது இக்கட்டுரையின் வாதம். அதிகாரப் பகிர்வைக் கொள்கையாகக் கொண்ட தமிழ் அரசியல் மரபுக்குள் நின்று இப்படிச் சொல்வது பலருக்கு உறுத்தும். அந்த உறுத்தலில் நியாயம் உண்டு. கீழே அதற்கும் வருகிறேன்.

முதலில் நீரைப் பார்ப்போம். நுவரெலியா மாவட்டத்து மலைத்தொடரிலிருந்து மூன்று பெரு நதிகளுக்கு நீர் போகிறது. தலவாக்கலை வழியே இறங்கும் கொத்மலை ஓயா மகாவலியோடு சேர்ந்து திருகோணமலையில் கடலை அடைகிறது. சிவனொளிபாத மலைப் பக்கத்துக் கெஹல்கமு ஓயாவும் மஸ்கெலி ஓயாவும் காசல்ரீ, மவுசாகலை நீர்த்தேக்கங்களை நிரப்பிவிட்டுக் களனி கங்கையாகின்றன. கொழும்பு பெரும்பாலும் குடிப்பது அம்பத்தலையில் எடுக்கும் அந்த நீரைத்தான். ஹோர்ட்டன் சமவெளியில் ஊறும் வளவை கங்கை சப்ரகமுவவைக் கடந்து தென் மாகாணத்துக்குப் போகிறது.

இந்தப் புவியியல் தேயிலைத் தோட்டத்துக்குள் எப்படித் தெரியும் என்பதற்கு ஒரு கானைப் பார்த்தால் போதும். சரிவுக்குக் குறுக்கே கான் வெட்டி, அதில் இடையிடையே குழி வைத்து, மழையோடு வரும் வண்டலை அங்கேயே தங்கவிட்டு, பிறகு அதை வாரி மேல்வரிசைத் தேயிலையின் தூரில் போடுவது பழைய முறை. அதற்கு ஆள் வேண்டும், கூலி வேண்டும். செலவைக் குறைக்க நினைக்கும் நிர்வாகத்துக்கு முதலில் கண்ணில் படுவது கான் வேலைதான், ஏனென்றால் அதை விட்டுவிட்டால் அந்த மாதத்துக் கொழுந்து குறையாது. மண் போய்ச் சேர்வது நீர்த்தேக்கத்தில். மின்சாரத்தை இழப்பவர், வண்டல் கலந்த நீரைச் சுத்திகரிப்பவர், வயலுக்கு நீர் போதாமல் தவிப்பவர் எல்லாரும் வேறு மாகாணத்து வாக்காளர்கள். மத்திய மாகாண சபையில் அவர்களுக்காகக் கை தூக்க யாரும் இல்லை. நீரேந்துப் பகுதியின் ஒழுங்குவிதிகளை நீர் பிறக்கும் மாகாணத்திடம் மட்டும் விட்டுவிட முடியாது என்பதற்கு இதைவிட வலுவான காரணம் எனக்குத் தெரியவில்லை. வடமேல் மாகாண அனுபவத்தை இங்கே முன்மாதிரியாகக் காட்டுவோர் இந்த வேறுபாட்டைத் தவறவிடுகிறார்கள்: புத்தளம் களப்பில் நேரும் கேட்டைப் பெரும்பாலும் அந்த மாகாணத்தாரே அனுபவிக்கிறார்கள்.

வரலாறும் இதையே காட்டுகிறது. 1873இல் கியூ தாவரவியற் பூங்காவின் பணிப்பாளர் ஜோசப் ஹூக்கர், 5,000 அடிக்கு மேலுள்ள காடுகளை அழிக்காமல் விடும்படி ஆலோசனை கூறினார். கோப்பித் துரைமார் அப்படி ஒரு கோட்டைத் தாமாகக் கீறியிருக்க மாட்டார்கள். 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க முடிக்குரிய காணிச் சட்டத்தால் கண்டிய மலைகளைத் தோட்டக்காரருக்குத் திறந்துவிட்டதும் அதே ஏகாதிபத்தியம் என்பதை மறைக்க வேண்டியதில்லை. மலைக்குப் பக்கத்தில் இருந்தவர்களின் இலாபக் கணக்குக்குத் தடை வந்தபோது அது தூரத்திலிருந்தே வந்தது என்பதுதான் இங்கே கவனிக்கத் தக்கது.

அண்மையில் இருப்பவர் அக்கறையோடு பார்ப்பார் என்பது பகிர்வுவாதத்தின் மையம். தோட்டப்புறத்தில் அண்மையில் இருப்பவர் யார்? 1972, 1975 காணிச் சீர்திருத்தங்களால் அரசுடைமையான தோட்டங்களை 1992 முதல் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகள் நடத்துகின்றன. நிலம் இன்னும் அரசினுடையது. பெருந்தோட்டப் பயிர்ச்செய்கை மாகாண விவசாய அதிகாரத்திலிருந்து வெளிப்படையாக விலக்கப்பட்டுள்ளது. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டமோ சபைநிதியைத் தோட்டத்துக்குள் செலவிடத் தடையாக நின்றது. 2018இல் திருத்தம் வரும்வரை, லயங்களில் வாழும் தோட்டத் தொழிலாளர் பிரதேச சபைக்கு வாக்குப் போட முடிந்தாலும் அந்தச் சபையின் குப்பை வண்டி லயத்துக்கு வந்ததில்லை. நுவரெலியா மாவட்டத்தில் தமிழர் பாதிக்கு மேல். மத்திய மாகாணத்தில் அவர்கள் சிறுபான்மை. ஆகவே கண்டியில் குவியும் அதிகாரம் தம் அதிகாரமாகிவிடும் என்று ஹட்டனில் யாரும் எண்ண வேண்டியதில்லை. போதாக்குறைக்கு, 2013 செப்டெம்பரில் தெரிவான மத்திய மாகாண சபையின் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது. அதன்பின் தேர்தல் நடைபெறவில்லை. மாகாணத்தின் பெயரில் செயற்படுபவர் சனாதிபதி நியமிக்கும் ஆளுநர். இன்று சுற்றாடல் அதிகாரத்தை மாகாணத்துக்கு மாற்றினால் அது கொழும்பிலிருந்து புறப்பட்டுச் சுற்றிவந்து கொழும்பின் கைக்கே போய்ச் சேரும்.

இனி அந்த உறுத்தல். மலையகத் தமிழரின் குடியுரிமையை 1948இல் பறித்த சட்டம் நிறைவேறியதும் கொழும்பில்தான். சுற்றாடல் விடயத்திலும் தலைநகரின் கை சுத்தமானதல்ல. 2015இல் கிளைபோசேற் களைகொல்லி நாடு முழுவதும் தடைசெய்யப்பட்டது. தடைக்குத் தூண்டுதல் உலர்வலய நெற்பிரதேசங்களில் பரவிய சிறுநீரக நோய். ஈரமலைத் தேயிலைக்கும் அதே உத்தரவு பொருந்துமா என்று முன்கூட்டி ஆராயப்படவில்லை. களைகொல்லி இல்லாத மலையில் சுரண்டி ஏறியது. சுரண்டியால் புல்லைச் செதுக்கும்போது மேல்மண்ணும் கூடவே பெயர்கிறது. 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் தடை தளர்ந்தது. பாடம் படித்தார்களா? 2021 ஏப்ரலில் இரசாயன உர இறக்குமதி ஒரே அடியாக நிறுத்தப்பட்டு, நவம்பரில் அத்தடை கைவிடப்பட்டது. 2021இல் சுமார் 29.9 கோடி கிலோவாக இருந்த தேயிலை உற்பத்தி 2022இல் சுமார் 25.1 கோடி கிலோவாகச் சரிந்தது. சூழலின் பெயரால் வந்த உத்தரவுக்குக் கொழுந்து எடைபோடும் தராசில் விலை கொடுத்தவள் கொழுந்து பறிப்பவள்.

இந்த இரண்டு தடைகளையும் மேல் கொத்மலை நீர்மின் திட்டத்தோடு ஒப்பிட்டால்தான் தவறு எங்கே என்று விளங்கும். 150 மெகாவாற் கொண்ட அத்திட்டமும் கொழும்பு முடிவுதான். ஆனால் அதற்குச் சுற்றாடல் தாக்க மதிப்பீடு கட்டாயமாக இருந்தது. 1990களில் முதலில் அனுமதி மறுக்கப்பட்டது. மேன்முறையீட்டுக்குப் பிறகு நிபந்தனைகளோடு கிடைத்தது. இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸும் மலையக மக்கள் முன்னணியும் எதிர்த்தன, சூழலியலாளர் நீதிமன்றம் போனார்கள். திட்டத்தின் அளவு சுருங்கியது. சென்கிளயர் நீர்வீழ்ச்சிக்குப் பகலில் நீர் விட வேண்டும் என்று நிபந்தனை வந்தது. 2012இல் மின்னிலையம் இயங்கத் தொடங்கியது. தலவாக்கலையில் இடம்பெயர்ந்த குடும்பங்களுக்கு இது வெற்றிக் கதை ஆகாது, சென்கிளயரும் பழைய சென்கிளயர் ஆகாது. என்றாலும் காரணம் கேட்கவும் பதில் பெறவும் சட்டத்தில் ஒரு பிடி இருந்தது. வர்த்தமானி அறிவித்தலோடு வந்திறங்கிய உரத் தடையில் அப்படி ஒரு பிடி இல்லை. மத்திய அதிகாரத்தின் குறை அது மத்தியில் இருப்பதால் வருவதைக் காட்டிலும், கேட்காமல் செயற்பட அதற்கு இடமிருப்பதால் வருகிறது.

அந்தப் பிடியும் ஏற்கெனவே தளர்ந்துதான் இருக்கிறது. முழுமையான தாக்க மதிப்பீட்டு அறிக்கை வந்தால் பொதுமக்கள் 30 நாட்களுக்குள் கருத்துச் சொல்லலாம். சிறிய திட்டங்களுக்கு ஆரம்பச் சுற்றாடல் பரிசோதனை போதும். அதற்கும் இருந்த கருத்துரைக்கும் உரிமையை 2000ஆம் ஆண்டின் 53ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் எடுத்துவிட்டது. மலையக ஓடைகளில் வரும் சிறு நீர்மின் திட்டங்கள் பெரும்பாலும் இந்த வகைக்குள் அடங்கும். லயத்துப் பீலிக்கு நீர் தரும் ஓடையைக் குழாய்க்குள் திருப்பினாலும் அந்த லயத்துக்குச் சட்டப்படி அறிவிக்க வேண்டியதில்லை.

ஊவாவின் மீரியபெத்தையில் நேர்ந்தது மற்றொரு பக்கத்தைக் காட்டுகிறது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005லும் 2011லும் ஆபத்தை எச்சரித்திருந்தது. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி மலை சரிந்து லயங்களை மூடியபோது மக்கள் அங்கேயேதான் இருந்தார்கள். அறிவு மத்தியில் இருந்தது. குடியிருப்பை அகற்றும் பொறுப்போ நிர்வாகம், பிரதேச செயலகம், அமைச்சு என்று யார் தலையிலும் முழுதாக விழாமல் தொங்கியது. 2025 நவம்பரில் டித்வா புயல் மலையகத்தைச் சிதைத்தபோது அதே கேள்வி மறுபடி எழுந்தது.

எனவே வைத்துக்கொள்ள வேண்டியதும் கொடுக்க வேண்டியதும் வெவ்வேறு. நீரேந்துப் பகுதிகளின் தரநிலை, காடுகளின் எல்லை, பெருந்திட்ட அனுமதி, மண்சரிவு வரைபடம் ஆகியவை மத்தியிலேயே இருக்க வேண்டும். காடு மாநிலங்களின் கையில் மட்டும் இருந்தபோது பட்ட அனுபவத்தால்தான் இந்தியாவும் 1976இல் 42ஆவது திருத்தத்தின் மூலம் அதைப் பொதுப்பட்டியலுக்கு மாற்றி, 1980இல் வனப் பாதுகாப்புச் சட்டத்தைக் கொண்டுவந்தது. இலங்கை எதிர்த்திசையில் போய்ப் பார்த்தது: 2020 நவம்பரில் எஞ்சிய அரச காடுகளை வனத் திணைக்களத்தின்கீழ் வைத்த 5/2001 சுற்றறிக்கையை நீக்கி, அவற்றை மாவட்ட, பிரதேச செயலாளர்களின் கைக்கு மாற்றிற்று. சேனைச் செய்கைக்கு என்று சொல்லப்பட்ட அந்த முடிவு, தீவின் காட்டு நிலத்தில் கணிசமான பகுதியை உள்ளூர் நெருக்குதலுக்குத் திறந்துவிட்டது. குப்பை, லயத்து வடிகால், சிறு தொழிற்சாலை உரிமம் போன்றவற்றைப் பிரதேச சபைகள் பார்க்கட்டும், அதற்குரிய பணத்தோடு.

மத்திக்கு அதிகாரம் தரும் சட்டத்தில் இரண்டு திருத்தங்கள் உடனே வேண்டும். ஆரம்பச் சுற்றாடல் பரிசோதனைக்கு 30 நாள் கருத்துரைப்பைத் திரும்பக் கொண்டுவருவது ஒன்று. தோட்ட எல்லைக்குள் வரும் எத்திட்டத்தின் அறிவித்தலையும் தமிழில் அந்தத் தோட்டத்தில் தொழிலாளர் கூடும் பிரட்டுக்களத்தில் ஒட்ட வேண்டும் என்று கட்டாயமாக்குவது மற்றது. இவ்விரண்டுக்கும் அரசியலமைப்பைத் தொட வேண்டியதில்லை. தேசிய சுற்றாடல் சட்டத்தில் சாதாரணப் பெரும்பான்மையோடு ஒரு திருத்தம் போதும். மலையகத்திலிருந்து பாராளுமன்றம் போயிருக்கும் உறுப்பினர்கள் முதலில் அதைக் கேட்கட்டும்.