கரைக்குக் கேட்க வேண்டிய குரல்: தமிழகச் சிறுபடகுகளின் அபாய அழைப்புக் கருவிகள்

கரையிலிருந்து கடலுக்குப் போவது எச்சரிக்கை. கடலிலிருந்து கரைக்கு வருவது அபயக்குரல். தமிழகச் சிறுபடகுகளுக்கு இந்த இரண்டும் வெவ்வேறு காலங்களில், வெவ்வேறு துறைகள் வழியாக, ஒன்றுக்கொன்று தொடர்பில்லாமல் வந்து சேர்ந்தன. தொலைகடலில் இரண்டையும் ஒரே கருவியில் கூட்டும் முயற்சி 2023-24-இல்தான் உருப்பெற்றது. அதுவரை வந்த கருவிகள் பெரும்பாலும் பாதி உரையாடல்களே என்பதும், ஒரு படகுக்கான கருவியைத் தேர்ந்தெடுக்கும்போது அதன் எந்தப் பாதி குறைகிறது என்பதையே முதலில் பார்க்க வேண்டும் என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

எச்சரிக்கைதான் மூத்தது. 1865-இல் கல்கத்தாத் துறைமுகத்தில் தொடங்கிய புயல் அறிவிப்பு முறை பின்னர் மற்றத் துறைமுகங்களுக்கும் பரவியது. இன்றும் செய்திகளில் அடிபடும் எண்ணிட்ட புயல் எச்சரிக்கைக் கூண்டு அதன் தொடர்ச்சி. கொடிமரத்தில் ஏற்றிய கூண்டைப் பார்க்கக் கரையில் இருக்க வேண்டும், அல்லது கரை கண்ணுக்குத் தெரியும் தொலைவில் இருக்க வேண்டும். வானொலி வந்தபின் எட்டும் தொலைவு கூடியது, ஆனால் திசை மாறவில்லை. டிரான்சிஸ்டர் பெட்டி பேசும். யார் பேசுவதையும் கேட்காது.

அபயக்குரலின் வரலாறு பெரிய கப்பல்களின் வரலாறு. 1912-இல் டைட்டானிக் மூழ்கியதன் விளைவாக, 1914-இல் கடலில் உயிர்ப் பாதுகாப்புக்கான முதல் பன்னாட்டு உடன்படிக்கை உருவானது. அந்த வழியில் வந்த உலகளாவிய கடல் அபாய, பாதுகாப்பு முறைமை 1992 பிப்ரவரியில் தொடங்கி 1999 பிப்ரவரியில் முழுமையாக நடைமுறைக்கு வந்தது. பயணிகள் கப்பல்களுக்கும் 300 டன்னும் அதற்கு மேலும் உள்ள சரக்குக் கப்பல்களுக்குமே அது கட்டாயம். நம் கரையின் விசைப்படகும் வள்ளமும் ஃபைபர் படகும் அந்தக் கணக்குக்குள் வருவதே இல்லை. உள்நாட்டுச் சட்டமும் குறுக்கே நின்றது. 1933-ஆம் ஆண்டின் இந்தியக் கம்பியில்லாத் தந்திச் சட்டப்படி, உரிமம் இல்லாமல் வயர்லெஸ் கருவியை வைத்திருப்பதே குற்றமாக இருந்தது. காலனி அரசின் அச்சத்தில் பிறந்த விதியை, சுதந்திரத்துக்குப் பிறகும் பல பத்தாண்டுகள் கட்டுமரக்காரரின் தலைமேல் தொங்கவிட்டிருந்தோம்.

விஎச்எஃப் வயர்லெஸ் செட்தான் சிறுபடகுக்கு உண்மையில் பொருந்திய முதல் கருவி. அபாய அழைப்புக்கான 16-ஆம் சேனல் 156.8 மெகாஹெர்ட்ஸில் இயங்குகிறது. கையில் பிடிக்கும் செட்டுக்கு 5 வாட், படகில் பொருத்துவதற்கு 25 வாட் திறன். கடைக்காரர் வாட்டைச் சொல்லித்தான் விற்பார்; ஆனால் எட்டும் தொலைவைத் தீர்மானிப்பது பெரும்பாலும் ஆண்டெனாவின் உயரம். இந்த அலை பூமியின் வளைவைத் தாண்டிப் போகாது. ஆண்டெனா உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 4.12-ஆல் பெருக்கினால் தொடுவானத் தொலைவு கிலோமீட்டரில் கிடைக்கும். இரு முனைக்கும் கணக்கிட்டுக் கூட்ட வேண்டும். 2 மீட்டர் உயரத்தில் ஆண்டெனா உள்ள இரு ஃபைபர் படகுகள் 12 கிலோமீட்டருக்குள்தான் பேசிக்கொள்ள முடியும். கரையில் 60 மீட்டர் கோபுரம் இருந்தால் அதே படகின் குரல் 37 கிலோமீட்டர், அதாவது 20 கடல்மைல் வரை கேட்கும். இரு படகுகளும் ஆண்டெனாவை மூங்கில் கழியில் கட்டி 6 மீட்டருக்கு உயர்த்தினால் 12 என்பது 20 கிலோமீட்டராகும். மூங்கிலுக்கு ஆகும் செலவு அற்பம்.

கைபேசி வந்ததும் கதை மாறியது போலத் தோன்றியது. ஆனால் ஜிஎஸ்எம் முறையில், நேரக் கணக்கு காரணமாகக் கோபுரத்திலிருந்து 35 கிலோமீட்டருக்கு அப்பால் இணைப்பு வழக்கமாகக் கிடைக்காது. கடலில் நடைமுறை எல்லை அதற்கும் குறைவு. ஜிபிஎஸ் வேறொரு பாதி. நாம் எங்கே இருக்கிறோம் என்பதை நமக்குச் சொல்லும், வேறு யாருக்கும் சொல்லாது. பாக் நீரிணையில் எல்லைக்கோட்டை அறிய அது உதவியது. கவிழ்ந்த படகுக்கு அதனால் என்ன பயன்?

கரைப்பக்கத்தில் நடந்த ஒரு சோதனையை இங்கே சொல்லியாக வேண்டும். எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998-இல் புதுச்சேரிப் பகுதியில் தொடங்கிய கிராமத் தகவல் மையங்களில் வீராம்பட்டினமும் ஒன்று. அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்திலிருந்து அலை உயர முன்னறிவிப்பை எடுத்து, ஒலிபெருக்கியில் தமிழில் வாசித்தார்கள். சுனாமி தாக்கிய 2004 டிசம்பர் 26 அன்று, அதே வகை மையம் இயங்கிய நல்லவாடு கிராமத்துக்கு, சிங்கப்பூரில் வேலைபார்த்த ஊர்க்காரரிடமிருந்து தொலைபேசி வந்தது. மையத்தின் ஒலிபெருக்கி அலறியது, ஊர் தப்பியது. கருவி எதுவும் புதிதல்ல. கேட்கும் ஆளும் அறிவிக்கும் வழியும் ஓரிடத்தில் இருந்ததே அங்கே வேலை செய்தது.

அரசின் கவனம் சிறுபடகுகள் மீது அழுத்தமாகத் திரும்பியதற்குக் காரணம் மீனவர் உயிரல்ல, 2008 நவம்பரின் மும்பைத் தாக்குதல். கடத்தப்பட்ட ஒரு மீன்பிடிப் படகில் வந்தவர்கள் நடத்திய தாக்குதல் அது. அதன்பின் 20 மீட்டருக்கு மேற்பட்ட படகுகளுக்குத் தானியங்கி அடையாளக் கருவி கட்டாயமாயிற்று. கண்காணிப்புக்கான கருவியும் காப்பாற்றுவதற்கான கருவியும் ஒரே பெட்டிக்குள் வரும் குழப்பம் இங்கே தொடங்குகிறது, இன்னும் தீரவில்லை.

இஸ்ரோ உருவாக்கிய அபாய எச்சரிக்கைக் கருவி, சுருக்கமாக டாட், 2010-இல் பயன்பாட்டுக்கு வந்தது. பொத்தானை அழுத்தினால் படகின் அடையாளமும் இருப்பிடமும் செயற்கைக்கோள் வழியாக இந்தியக் கட்டுப்பாட்டு மையத்துக்குப் போய், அங்கிருந்து கடலோரக் காவல்படையின் மீட்பு ஒருங்கிணைப்பு மையத்துக்குச் செல்லும். 20,000-க்கும் மேற்பட்ட டாட் கருவிகள் புழக்கத்துக்கு வந்தன. நல்ல கருவிதான். ஆனால் செய்தி போய்ச் சேர்ந்ததா என்று அழுத்தியவருக்குத் தெரியாது. மூழ்கும் படகில் பதிலுக்காகக் காத்திருப்பவனுக்கு, பதில் வராத பொத்தானும் பழுதான பொத்தானும் ஒன்றுதான்.

2017-இல் ஒக்கிப் புயல் இந்தக் குறைகள் அனைத்தையும் ஒரே நாளில் வெளிக்காட்டியது. நவம்பர் 29 காலையில் காற்றழுத்தத் தாழ்வு மண்டலமாக இருந்தது, 30 காலையில் குமரிக்கடலில் புயலாகிவிட்டது. குமரி மாவட்டத்தின் தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை, நீரோடி போன்ற ஊர்களின் தொலைகடல் படகுகள் நாட்கணக்கில், சில வாரக்கணக்கில் தங்கி மீன்பிடிப்பவை. எச்சரிக்கை எழுதப்படும் முன்பே அவை கடலில் இருந்தன. விஎச்எஃப்பின் தொடுவானத்துக்கு வெளியே போய்விட்ட, படகை நடத்தும் ஸ்ராங்குக்குக் கரையிலிருந்து சொல்ல வழியில்லை. சில படகுகள் லட்சத்தீவிலும், மகாராஷ்டிரத்தின் தேவ்கட்டிலும், குஜராத்திலும் கரையேறின. அவற்றில் இருந்தவர்கள் உயிருடன் இருப்பதே வீட்டாருக்கு நாட்கள் கழித்துத்தான் தெரிந்தது. நூற்றுக்கணக்கானோர் திரும்பவே இல்லை. சாட்டிலைட் போன் வேண்டும் என்ற கோரிக்கை அப்போது வலுத்தது. தூராயா, இரிடியம் கருவிகளுக்கு இங்கே தடை. பிஎஸ்என்எல் வழியாக அனுமதிக்கப்பட்ட இன்மார்சாட் சேவைக்குச் செலவு அதிகம். பாதுகாப்புக் காரணத்தை ஒரேயடியாக ஒதுக்க முடியாது. ஆனால் தடையின் விலையைச் செலுத்தியது யார் என்பதும் பதிவாக வேண்டும்.

ஒக்கிக்குப் பின் 2019 அக்டோபரில் ‘ஜெமினி’ வெளியானது. ககன் செயற்கைக்கோள் வழியாக, கடல்சார் தகவல் நிறுவனமான இன்காய்ஸின் எச்சரிக்கைகளைப் பெற்று, புளூடூத்தில் கைபேசிக்குத் தரும் கருவி அது. ஒக்கியில் எட்டாத படகுக்கு இப்போது செய்தி எட்டும். பதில் சொல்ல மட்டும் அதில் வழியில்லை. டாட் செய்தி அனுப்பும், பெறாது. ஜெமினி பெறும், அனுப்பாது.     

2023 ஜனவரியில் கொல்லம் நீண்டகரையில் ‘நப்மித்ரா’ என்ற இருவழிச் செய்திக் கருவி சோதிக்கப்பட்டது. 2024 ஜனவரியில் இரண்டாம் தலைமுறை டாட்டை இஸ்ரோ அறிவித்தது. இதில் அழைப்பு கிடைத்தது என்ற ஒப்புகை நாவிக் செயற்கைக்கோள்கள் வழியாகப் படகுக்கே திரும்பும். வானிலை எச்சரிக்கையும் அதே வழியில் வரும். கைபேசித் திரையில் தாய்மொழியில் படிக்கலாம். அதே ஆண்டு ஆகஸ்ட் 30 அன்று, 13 கடலோர மாநிலங்கள், ஒன்றியப் பிரதேசங்களில் 1,00,000 படகுகளுக்கு இருவழிச் செய்திக்கான டிரான்ஸ்பாண்டர் பொருத்தும் 364 கோடி ரூபாய்த் திட்டம் பால்கரில் தொடங்கிவைக்கப்பட்டது.

இந்த வரலாற்றை வைத்துப் பார்த்தால் தேர்வு படகின் நீளத்தைவிட அது போகும் தொலைவைப் பொறுத்தது. காலையில் போய் மாலையில் திரும்பும், 10 கடல்மைலைத் தாண்டாத ஃபைபர் படகுக்கு, நீர்புகா உறையில் கைபேசியும், மிதக்கும் கையடக்க விஎச்எஃப் செட்டும் முதல் தேவை. கடலோரக் காவல்படையின் 1554 எண்ணைப் படகில் உள்ள எல்லோரும் அறிந்திருக்க வேண்டும். தங்கல் படகுக்கு இருவழி டாட்டோ டிரான்ஸ்பாண்டரோ தவிர்க்க முடியாதது. பக்கத்துப் படகை அழைக்க 25 வாட் விஎச்எஃப்பும் வேண்டும், ஏனெனில் முதலில் வந்து சேர்வது பெரும்பாலும் பக்கத்துப் படகுதான். வசதி உள்ளோர் 406 மெகாஹெர்ட்ஸில் இயங்கும் அபாயச் சைகைக் கருவியான ஈபெர்பையும் வைக்கலாம். தானே விடுபடும் வகை, படகு மூழ்கினால் 4 மீட்டர் ஆழத்துக்குள் பிரிந்து மிதந்து, 48 மணி நேரம் அழைத்துக்கொண்டிருக்கும்.

மின்சாரத்தைப் பற்றிக் கருவி விற்பவர்கள் அதிகம் பேசுவதில்லை. கயிறு இழுத்துக் கிளப்பும் அவுட்போர்டு எஞ்சின் படகுகள் பலவற்றில் பேட்டரியே கிடையாது. அங்கே படகின் மின்சாரத்தை நம்பும் கருவி அலங்காரப் பொருள். சொந்த பேட்டரியும், வீட்டில் சார்ஜ் போடும் வசதியும் உள்ளதுதான் பயன்படும். அடையாளப் பதிவும் இதே போலத்தான். டாட்டின் குறியீட்டைப் பிரித்துத்தான் படகு யாருடையது என்று மையம் அறிகிறது. படகு கைமாறும்போது பதிவை மாற்றாமல் விட்டால், அபாய அழைப்பு வரும் இரவில் தொலைபேசி மணி பழைய உரிமையாளர் வீட்டில்தான் அடிக்கும்.