தலையில்லாப் பாம்புகள்

சுமார் 18 கோடி ஆண்டுகளுக்கு முன், இன்றைய இங்கிலாந்தின் பெரும்பகுதி கடலுக்கடியில் கிடந்தது. அங்கே சுருண்ட ஓட்டுக்குள் வாழ்ந்த கணவாயின் தூரத்துச் சொந்தம் ஒன்று செத்துக் கருஞ்சேற்றில் விழுந்தது. தலையும் கைகளும் அழுகிவிட்டன. ஓடு மட்டும் கல்லில் பதிந்து தங்கியது. காணாமல் போன அந்தத் தலைதான் பின்னாளில் ஊரையே குழப்பியது.

கி.பி. 657இல் யார்க்‌ஷயரின் விட்பி கடற்கரைக் குன்றில் ஹில்டா என்ற துறவி ஒரு மடம் நிறுவினார். மன்னர்களே யோசனை கேட்டு வந்த பெண்மணி அவர். குன்றடியில் கிடந்த சுருள் கற்களுக்கு மக்கள் அவரை வைத்தே கதை கட்டினார்கள்: மடத்துக்கு இடைஞ்சலாக இருந்த பாம்புகளை ஹில்டா கல்லாக்கிவிட்டாராம். அப்படியானால் தலைகள் எங்கே? புனிதர் கத்பர்ட்டின் சாபத்தில் அவை போய்விட்டன என்று பதில் வந்தது. அந்தப் பதிலோடு கதை முடிந்திருக்கலாம். ஆனால் குன்றையே வெட்டும் காலம் வந்தது.

17ஆம் நூற்றாண்டில், துணியில் சாயம் பிடிக்க உதவும் படிகாரத்துக்காக அந்தக் குன்றுகளைத் தோண்டத் தொடங்கினார்கள். உள்ளே புதைந்திருந்த கற்சுருள்கள் வெளியே வந்தன. 1665இல் வெளியான தன் 'மைக்ரோகிராஃபியா' நூலில், பாம்புக்கற்கள் உண்மையில் கடற்சிப்பி இனத்து ஓடுகளே என்று அறிவியலாளர் ராபர்ட் ஹூக் துணிந்து எழுதினார். எவ்வளவு சரியான கணிப்பு! ஆனாலும் அறிஞர்களிலேயே பலர் ஏற்கவில்லை. விட்பியிலோ பாம்புக்கு மவுசு கூடியது.

19ஆம் நூற்றாண்டில் சுற்றுலாப் பயணிகள் வந்து குவிந்தார்கள். உள்ளூர்க் கைவினைஞர்கள் சுருளின் முனையில் கண்ணும் வாயும் செதுக்கி, தலையோடு விற்றார்கள். நகரச் சின்னத்திலும் மூன்று பாம்புகள் உண்டு. அறிவியல் வந்தால் புராணம் ஒழிந்துவிடும் என்றுதான் எவரும் நினைத்திருப்பார்கள்.

நடந்தது வேறு. அதுவரை பெரும்பாலான சுருள்களை 'அம்மோனைட்ஸ்' என்ற ஒரே பேரினத்தில் அடைத்து வைத்திருந்தார்கள். அமெரிக்கரான அல்ஃபியஸ் ஹையட் 1867இல் அதைப் பிரித்தார். பிறைபோல் வளைந்த வரிகளும் பக்கவாட்டில் ஓடும் பள்ளமும் கொண்ட விட்பிச் சுருளை உள்ளடக்கிய பேரினத்துக்கு, அந்தத் துறவியின் பெயரையே சூட்டினார்: ஹில்டோசெராஸ். அறிவியலில் இவ்வளவு பெருந்தன்மையான பெயர்சூட்டல் அபூர்வம்.

குறுகிய காலமே வாழ்ந்தாலும் பல கடல்களில் பரவிய உயிரினம் அது. அதனால் இங்கிலாந்தோ பிரான்ஸோ இத்தாலியோ, பாறையில் ஹில்டோசெராஸ் தென்பட்டால் போதும். அந்த அடுக்கு ஜுராசிக்கின் டோர்சியன் கட்டத்தைச் சேர்ந்தது என்று நிலவியலாளர்கள் முடிவுகட்டிவிடுகிறார்கள்.