‘எங்களுக்குப் பின் யார்?’: ஒரு கேள்வி சட்டமான வரலாறு

அறிவுசார் குறைபாடுடைய குழந்தையின் பெற்றோரை வாழ்நாள் முழுதும் வாட்டும் கேள்வி ஒன்று உண்டு: ‘எங்களுக்குப் பின் யார்?’ மருத்துவத்தில் இதற்கு விடையில்லை. அதே நிலையிலுள்ள மற்றொரு பெற்றோரிடமே இதனை மனந்திறந்து பேச இயன்றது. அத்தகைய பேச்சிலிருந்து பல ஊர்களில் பெற்றோர் சங்கங்கள் எழுந்தன. 1995இல் அவை ‘பரிவார்’ என்னும் தேசியக் கூட்டமைப்பாக இணைந்தன. அப்பெயர் இந்தியில் ‘குடும்பம்’ எனப் பொருள்படும்.

1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டம் அக்கேள்வியைச் சட்டமொழியில் ஏற்றது. ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகியவற்றை உடையோர் 18 வயதைக் கடந்த பின்னும் அவர்களுக்குப் பாதுகாவலரை நியமிக்க உள்ளூர்க் குழுக்கள் உருவாயின. அறக்கட்டளையின் வாரியத்தில் பெற்றோர் சங்கங்களுக்கு 3 இடங்கள் ஒதுக்கப்பட்டன. துயரைப் பகிர்ந்துகொண்டவர்கள் இவ்வாறு முடிவெடுக்கும் அவையில் இடம்பெற்றனர்.

எனினும் பாதுகாவலரை நியமிக்கும் சட்டம் துணையை நியமிப்பதில்லை. யாரை அணுகுவது, எதைக் கேட்பது என்பதை அவ்வழியே முன்பு நடந்தவரே சொல்லித்தர இயலும். தமிழும் கன்னடமும் கலந்து ஒலிக்கும் மர்பி டவுன் போன்ற பகுதிகளில், அச்சொல் தாய்மொழியில் கிடைக்கும்போதே சட்டம் வீட்டு வாயிலை எட்டுகிறது.