பாதி வீடு விருந்தாளிக்கு

பாலவனத்தம் என்றதும் தமிழ் படித்தவர்களுக்குப் பாண்டித்துரைத் தேவர்தான் நினைவுக்கு வருவார். 1901-ல் மதுரையில் நான்காம் தமிழ்ச் சங்கத்தைத் தொடங்கிய ஜமீன்தார். புலவர்களை அழைத்து வைத்து உபசரித்தவர். 1898-ல் உ.வே.சா. மணிமேகலையைப் பதிப்பித்தபோது பொருளுதவி செய்தவர். ஜமீன் வீட்டில் பந்தி நடந்ததில் வியப்பில்லை. அதே காலத்தில், அதே வானம் பார்த்த சீமையில், ஜமீன் இல்லாத ஒருவர் நடத்திய விருந்தோம்பல்தான் கூடுதல் கவனத்துக்குரியது.

அருப்புக்கோட்டையைத் தாண்டினால் திருச்சுழி. அங்கே சுந்தரம் ஐயர் 12 வயதில், மாதம் 2 ரூபாய்ச் சம்பளத்துக்குக் கிராமக் கணக்கு எழுதும் இடத்தில் வேலைக்குச் சேர்ந்தார். பிறகு மனு எழுதிக் கொடுத்தார். அந்த அனுபவத்திலேயே, வக்கீல் பரீட்சை எழுதாமல், உள்ளூர் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் வாதாட அனுமதி பெற்றார். கையில் காசு சேர்ந்ததும் கோயிலுக்கு அருகே வீடு கட்டினார். அதை இரண்டாகப் பிரித்து ஒரு பாதியில் குடும்பத்தோடு இருந்தார். மறு பாதி விருந்தாளிகளுக்கு.

ஊருக்கு மாற்றலாகி வரும் அதிகாரிகள் ஜாகை கிடைக்கும்வரை அங்கே தங்கினார்கள். வழிப்போக்கர்களும் ஏழைகளும் சாப்பிட்டார்கள். ஊருணித் தண்ணீரைக் குடத்தில் சுமந்து வந்து புழங்கிய பூமி இது. வந்தவர் கால் கழுவ ஒரு செம்பு தண்ணீர் கொடுப்பதே பெரிய உபசாரம். தினமும் இத்தனை பேருக்கு உலை வைத்தவர் அவர் மனைவி அழகம்மாள். அந்த வீட்டின் பெயரில் பாதியாவது அவருக்குச் சேர வேண்டும்.

இந்தக் குடும்பத்தில் ஒரு பழைய கதை வழங்கிவந்தது. முன்னோர் ஒருவர் வாசலில் வந்து சோறு கேட்ட துறவியை விரட்டிவிட்டாராம். தலைமுறைக்கு ஒருவர் வீட்டைவிட்டுப் போய்ப் பிச்சையெடுப்பார் என்று அந்தத் துறவி சபித்தாராம். சாபமோ இல்லையோ, சுந்தரம் ஐயரின் சிற்றப்பா ஒருவர் காவி கட்டினார், பிறகு ஐயரின் அண்ணனும் வீட்டைவிட்டுப் போனார். 1892-ல் சுந்தரம் ஐயர் இறந்தார், குடும்பம் மதுரைக்கும் மானாமதுரைக்குமாகப் பிரிந்தது. 1896 ஆகஸ்ட் 29 அன்று அவருடைய இரண்டாவது மகன் வேங்கடராமன் யாரிடமும் சொல்லாமல் திருவண்ணாமலைக்குக் கிளம்பினார். பின்னாளில் ரமண மகரிஷி.

அப்போது அவருக்கு வயது 16. வழியில் கைக்காசு தீர்ந்து அறையணிநல்லூர்க் கோயிலில் சோறு கேட்டார், இல்லையென்றார்கள். அர்ச்சகர்கள் அடுத்துப் பூசை செய்யப் போன கீழூருக்குப் பின்னாலேயே நடந்தார். அங்கும் இல்லை என்றபோது, கோயில் மேளக்காரர் தன் பங்குச் சோற்றைப் பையனுக்குக் கொடுக்கச் சொன்னார். தண்ணீர் தேடிப் போன இடத்தில் பையன் மயங்கி விழ, சோறு தரையில் சிதறியது. எழுந்து அதையே பொறுக்கிச் சாப்பிட்டார். மறுநாள் கோகுலாஷ்டமி. முத்துகிருஷ்ண பாகவதர் வீட்டில் சாப்பாடு போட்டார்கள், கடுக்கனை அடகாக வாங்கிக்கொண்டு 4 ரூபாய் கொடுத்தார்கள். கிளம்பும்போது கண்ணனுக்கென்று செய்து வைத்திருந்த பலகாரத்தையும் பொட்டலமாகக் கட்டிக் கொடுத்தார்கள். விருந்தாளிகளுக்குப் பாதி வீட்டை விட்டவரின் மகனுக்கு, முகம் தெரியாதவர்கள் போட்ட சோறு அது.

1916-ல் அழகம்மாள் மகனோடு திருவண்ணாமலை மலையில் வந்து தங்கினார். கந்தாசிரமத்தில் அடுப்பு மூட்டியவர் அவர்தான். 1922-ல் அவர் இறந்தபின் அடிவாரத்தில் வளர்ந்த ஆசிரமத்தில் ரமணர் கடைப்பிடித்த பந்தி ஒழுங்கு கறாரானது. மற்றவர்களுக்கு இல்லாத பண்டம் தன் இலையில் விழக் கூடாது. வந்தவரிடம் முதலில் சாப்பாடு ஆயிற்றா என்று கேட்க வேண்டும். அதே கூடத்தில் பிராமணர்களையும் மற்றவர்களையும் பிரித்து ஒரு தடுப்பும் இருந்தது. ரமணர் இரு பக்கத்தாரும் பார்க்கும்படி உட்கார்ந்து சாப்பிட்டார். அந்தத் தடுப்பு இருந்ததை மறைத்து இந்த வரலாற்றைச் சொல்ல முடியாது.

ஆசிரமத்தார் சொல்லும் ஒரு சம்பவம் உண்டு. உள்ளே பந்தி முடியட்டும் என்று வாசலில் நின்ற ஏழைகளை ஒருநாள் அதட்டி அனுப்பினார்கள். மறுநாள் சாப்பாட்டு மணி அடித்தபோது ரமணரைக் காணோம். தேடினால் வெளியே ஒரு மரத்தடியில் உட்கார்ந்திருந்தார். ஏழைகளுக்கு அப்புறம்தான் என்றால் தனக்கும் அப்புறம் போதும் என்றார். அன்றிலிருந்து வெளியே காத்திருப்பவர்களுக்கு முதலில் பரிமாறிவிட்டுத்தான் உள்ளே இலை போடுகிறார்கள். திருச்சுழி வீட்டை ஆசிரமம் பின்னர் வாங்கி, சுந்தர மந்திரம் என்று பெயரிட்டுப் பராமரிக்கிறது.